அலங்காரம் இருக்கட்டும், முதலில் காலைப் பாருங்கள்: நியோகிளாசிக்கல் மரச்சாமான்கள் பற்றி

‘நியோகிளாசிக்கல் ஆன்டிக் ஃபர்னிச்சர்’ என்று ஏலப் பட்டியல்களில் போடுகிறார்களே, அது எங்கே தொடங்கியது, அதற்கென்று என்ன லட்சணம், அசலா பின்னால் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், 1750-களின் நடுவில் பாரிசில் தொடங்கி, லண்டன், ஸ்டாக்ஹோம், மிலான், நியூயார்க் என்று பரவி, ஏறக்குறைய 1830 வரை ஓடிய ஒரு பாணி. பழைய ரோம், கிரேக்கக் கலையைப் பார்த்து வடிவம் எடுத்த மரச்சாமான்கள். எங்கே தேடினாலும் தோரணம், கலசம், சிங்கத் தலை, சுருள் இலை என்று ஓர் அலங்காரப் பட்டியல் கிடைக்கும். பட்டியல் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியைக்கூட உறுதியாக அடையாளம் சொல்ல முடியாது, ஏனென்றால் அலங்காரத்தை யாரும் எந்தக் காலத்திலும் மேலே ஒட்டிவிடலாம். ஒரு நாற்காலி தரையில் எப்படி நிற்கிறது என்பதை அப்படி மாற்ற முடியாது. நான் எப்போதும் காலில் இருந்துதான் தொடங்குவேன்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் இது எதை எதிர்த்து வந்தது என்று புரியும். பதினைந்தாம் லூயி காலத்து ரொக்கோகோ பாணியில் நேர்கோடு என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கால் மேலே வெளிப்பக்கம் புடைத்து, நடுவில் உள்ளே ஒடுங்கி, அடியில் மறுபடி வெளியே திரும்பும். இழுப்பறைப் பெட்டியின் முகப்பு வயிறு தள்ளி நிற்கும், இரண்டு இழுப்பறைகளுக்கு நடுவில் உள்ள கோட்டைக்கூட மறைத்துவிட்டு, முகப்பு முழுவதையும் ஒரே படமாகப் பாவித்து மேலே பூக்கொடி ஓட விடுவார்கள். இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி, சங்கு, பாறை, நீர்த்திவலை என்று. அழகுதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் இருபது முப்பது வருஷம் அதையே பார்த்துச் சலித்தவர்கள் பாரிசிலேயே இருந்தார்கள். ஷார்ல்-நிக்கோலா கோஷான் என்ற ஓவியர் 1749 முதல் 1751 வரை, பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரின் தம்பியோடு இத்தாலி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவர். அவர் 1754-ல் பத்திரிகையில், பொற்கொல்லர்களே, செதுக்குபவர்களே, நேராக இருக்க வேண்டியதைக் கொஞ்சம் நேராக விடுங்கள் என்கிற தொனியில் ஒரு வேண்டுகோளே எழுதினார்.

இத்தாலியில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியத்தை 1738-லும் பொம்பெய்யை 1748-லும் நேப்பிள்ஸ் அரசர் தோண்ட ஆரம்பித்திருந்தார். கண்டெடுத்த ஓவியங்களையும் வெண்கலப் பொருட்களையும் படமாக வரைந்து 1757 முதல் பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்கள். விங்கல்மான் என்ற ஜெர்மானியர் கிரேக்கச் சிற்பத்தைப் புகழ்ந்து 1755-ல் ஒரு சிறு நூலும், 1764-ல் பண்டைக் கலையின் வரலாறு என்ற பெரிய நூலும் எழுதினார். ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஏதென்ஸ் போய் அங்கிருந்த இடிபாடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து 1762-ல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். பணக்கார இங்கிலாந்து வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ரோமுக்கு ஒரு நெடும்பயணம் போய்வருவது வழக்கமாகியிருந்தது; திரும்பி வரும்போது பளிங்குச் சிலையோடும், வீட்டையே ரோமானிய மாளிகை மாதிரி மாற்ற வேண்டும் என்ற ஆசையோடும் வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. தோண்டியெடுத்தவற்றில் மரச்சாமான் கிட்டத்தட்ட இல்லை. மரம் மட்கிவிடும், எரிந்துவிடும். ஹெர்குலேனியத்தில் கரிந்துபோன நிலையில் கட்டில், மேசை, தொட்டில் எல்லாம் பெரிய அளவில் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதனால் 1760-ல் ஒரு பாரிஸ் தச்சரிடம் போய் ‘ரோமானிய மாதிரியில் ஒரு எழுதுமேசை செய்து கொடுங்கள்’ என்று கேட்டால், பார்த்துச் செய்ய அவருக்கு ஒரு ரோமானிய மேசை கிடையாது. கோயில் இருந்தது, தூண் இருந்தது, பளிங்குச் சவப்பெட்டி, வெண்கல முக்காலி, சுவரோவியம், மண்ஜாடி இருந்தன. அவற்றில் இருந்துதான் எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஆக முதல் முப்பது வருஷத்து நியோகிளாசிக்கல் மரச்சாமான் என்பது பெரும்பாலும் கட்டடக்கலையைச் சிறிதாக்கி வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான். கால் தூணாகிறது, சட்டம் உத்தரமாகிறது, அலமாரி ஒரு கோயில் முகப்பாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

இந்தப் பாணியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெரிய சாமான், லலீவ் த ஜூல்லி என்ற பாரிஸ் கலைப்பொருள் சேகரிப்பாளர் 1756-57 வாக்கில் செய்துகொண்ட எழுதுமேசையும் அதோடு சேர்ந்த, காகிதங்கள் வைக்கும் அலமாரியும். வடிவமைத்தவர் லூயி-ஜோசப் லெ லொரான், வெண்கல வேலை பிலிப் காஃபியேரி. இப்போது ஷான்டியி அரண்மனையில் உள்ள கோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுக்கக் கருங்காலி வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு), அதன்மேல் தங்கமுலாம் பூசிய வெண்கலம்; பருத்த நேர்க்கால்கள், சிங்கத் தலைகள், தாம்புக்கயிறு தடிமனில் தொங்கும் தோரணங்கள். நேர்த்தியான சாமான் என்று சொல்ல மாட்டேன், கனமாக, பிடிவாதமாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஊரே திரும்பியது. நேர்கோடு வேண்டும் என்று கெஞ்சிய அதே கோஷானே பிற்பாடு, கிணற்றுக் கயிறு மாதிரி தோரணம் எல்லாம் இதில் இருந்துதான் கிளம்பியது என்று குறைப்பட்டுக்கொண்டார். 1763 வாக்கில் பாரிசில் தலைமுடி அலங்காரம் முதல் பொடி டப்பா வரை எல்லாமே ‘கிரேக்க முறை’ ஆகியிருந்தது.

ஆனால் ஒரே நாளில் எல்லாரும் மாறிவிடவில்லை. ஃப்ரான்சுவா ஓபென் என்பவர் 1760-ல் பதினைந்தாம் லூயிக்காக ஓர் உருளை மூடி எழுதுமேசையைத் தொடங்கினார், 1763-ல் இறந்துவிட்டார். அவர் பட்டறையில் இருந்த ஜான்-ஆன்ரி ரீஸ்னர் அதைத் தொடர்ந்து செய்து, 1769-ல் முடித்து, தன் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். நடுவில் ஓபெனின் விதவையையும் மணந்துகொண்டார், பட்டறை கைமாறுவதற்கு அந்தக் காலத்தில் அது சகஜமான வழி. வெர்சாயில் இருக்கும் அந்த மேசையைப் பார்த்தால் கால் இன்னும் வளைந்தே இருக்கிறது, உடம்பும் புடைத்துத்தான் இருக்கிறது. அலங்காரத்திலும் ஒழுங்கிலும் மட்டும் புதுக்காலம் எட்டிப் பார்க்கிறது. இப்படி இரண்டும் கலந்த சாமான்களை ‘இடைக்காலப் பாணி’ என்பார்கள். அப்புறம் இன்னொன்று, ‘பதினாறாம் லூயி பாணி’ என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவர் பட்டத்துக்கு வந்தது 1774-ல். அவர் பெயரால் அழைக்கப்படும் பாணி அதற்குள் முழுசாக உருவாகிவிட்டது.

சரி, காலுக்கு வருவோம். 1780 வாக்கில் செய்த ஒரு பாரிஸ் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். கால் நேராக, உருண்டையாக, கீழே போகப் போக மெலிந்து இருக்கும், கடைசலில் கடைந்தெடுத்தது. நீளவாக்கில் காடி காடியாகக் குழித்திருப்பார்கள், கிரேக்கத் தூணில் இருப்பதே போல. சில கால்களில் அந்தக் காடியின் கீழ்ப்பாதியில் மெல்லிய கோல் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதுவும் தூணில் இருந்து வந்ததுதான், அடிப்பக்கம் அடிபட்டுக் காடியின் விளிம்பு பெயராமல் இருக்க. காலின் உச்சியில் ஒரு கழுத்து வளையம், அதற்கு மேலே ஒரு கனசதுரக் கட்டை, கட்டையின் முகப்பில் வட்டமாக ஒரு பூ. நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே போதிகை உட்கார்ந்திருக்குமே, அந்த வேலையைத்தான் இந்தக் கட்டை செய்கிறது.

அந்தப் பூவுக்குப் பின்னால்தான் நாற்காலியின் உயிர் இருக்கிறது. முன்சட்டமும் பக்கச்சட்டமும் காலோடு சேரும் இடம் அது, சட்டங்களின் நாக்கு அந்தக் கட்டைக்குள் அடித்த துளைகளில் இறங்கி, மர ஆணியால் குத்தி இறுக்கப்பட்டிருக்கும். ரொக்கோகோ நாற்காலியில் இந்த இணைப்பை ஒளித்துவிடுவார்கள், கால் எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவே கூடாது. இங்கே அதைக் காட்டுகிறார்கள், பூ வைத்துக் காட்டுகிறார்கள். எனக்கு இந்தப் பாணியில் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான். வேலையிலும் லாபம் இருந்தது: வளைந்த காலைப் பெரிய பலகையில் இருந்து வெட்டியெடுக்க வேண்டும், மரம் வீணாகும், வளைவில் இழை குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்தில் பலவீனமாகும், நேர்க்காலில் இழை மேலிருந்து கீழ் வரை ஓடும், மெலிந்த கால் என்றாலும் ஆளைத் தாங்கும், கால்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம்கூடத் தேவைப்படாது.

இதே தர்க்கம் மற்ற சாமான்களிலும் ஓடுகிறது. நாற்காலியின் முதுகு சுத்தமான முட்டை வடிவமாகவோ சதுரமாகவோ ஆகிறது. இழுப்பறைப் பெட்டியின் வயிறு உள்ளே போய், நேர்ப்பெட்டியாக, அல்லது சுவரோடு ஒட்டி நிற்கும் அரைவட்டமாக மாறுகிறது. முகப்பை மூன்று கட்டமாகப் பிரித்து நடுக்கட்டத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவார்கள், மாளிகை முகப்பு அப்படித்தானே இருக்கும். இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒன்றாக இருக்கும். அலங்காரம் என்று பார்த்தால் தோரணம், கலசம், வெற்றிமாலை, ஆட்டுக்கடாத் தலை, பின்னல் வளையப் பட்டை, சதுரச் சுழிப் பட்டை, முத்துவரிசை, அகாந்தஸ் இலை, யாழ், ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடம்பும் உள்ள உருவம்). இவற்றில் முக்கியம், எது எங்கே உட்கார்கிறது என்பதுதான். பட்டை உத்தரத்தில் ஓடும், பூ இணைப்பில் உட்காரும், தோரணம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் தொங்கும். பூ ஒன்று காரணமே இல்லாமல் பலகை நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பிற்காலத்துக் கைவேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாரிசில் இதையெல்லாம் ஒரே ஆள் செய்யவில்லை, செய்யவும் கூடாது. கைவினைச் சங்கங்களின் சட்டம் கறார். பீச் மரத்திலோ வால்நட் மரத்திலோ நாற்காலி செய்பவர் ஒருவர், ஓக் பெட்டியின் மேல் வெனீர் ஒட்டி அலமாரி செய்பவர் இன்னொருவர், செதுக்குபவர், தங்கம் பூசுபவர், வெண்கலம் வார்ப்பவர், மெத்தை தைப்பவர் எல்லாம் தனித்தனி. தச்சுச் சங்கத்தில் தேர்ந்த ஒவ்வொருவரும் தன் பெயர் முத்திரையைச் சாமானின் அடியில் அடித்தாக வேண்டும், சங்கத்தின் ‘ஜே எம் ஈ’ என்ற பரிசோதனை முத்திரையும் விழும். நாற்காலிக்குப் பேர்போன ஜார்ஜ் ஜாகோபின் முத்திரை ‘ஜி. ஐயாகோப்’ என்று ஐ எழுத்தில் தொடங்கும். ஆனால் முத்திரை இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்டாதீர்கள், அரசருக்கு நேரடியாக வேலை செய்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. முத்திரை இருப்பதாலேயே அசல் என்றும் நம்பாதீர்கள், பொய் முத்திரைகள் ஏராளம். இன்னொரு விஷயம், இந்தப் ‘பிரெஞ்சு’ கைவண்ணத்தின் உச்சியில் இருந்தவர்களில் பலர் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். ஓபென், ரீஸ்னர், வைஸ்வைலர் எல்லாரும் அப்படித்தான். நோய்வீட் ஊரில் பட்டறை வைத்திருந்த ரோயன்ட்கன் பாரிசிலும் விற்றார், ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கும் விற்றார்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இன்று அருங்காட்சியகத்தில் ரீஸ்னரின் சாமான் ஒன்றைப் பார்த்தால் தேன் நிறம், தவிட்டு நிறம், ஒரு சாந்தமான பழுப்பு. ‘பழமையின் கண்ணியம்’ என்று மயங்குவார்கள். செய்தபோது அது அப்படி இல்லவே இல்லை. ஊதா நிற அமராந்த் மரம், ரோஜா வரியோடிய டியூலிப் மரம், வெள்ளை வெளேர் என்ற ஹாலி, சாயத்தில் ஊறப்போட்டுப் பச்சையும் நீலமுமாக மாற்றிய சிக்கமோர், எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அறுத்து, வஜ்ஜிரம் என்ற தச்சுப் பசை போட்டு ஒட்டி, பூக்கூடையும் சாய்சதுர வலையுமாகப் பதித்திருக்கிறார்கள், பளிச்சென்று கண்ணில் அடிக்கும் நிறங்கள். இருநூறு வருஷ வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே பழுப்பாக்கிவிட்டது. வெளிச்சம் படாத இடத்தில், வெண்கலப் பட்டை ஒன்றைக் கழற்றினால் அதன் அடியில், மூடியே கிடந்த கதவின் உள்பக்கத்தில், பழைய பச்சையும் ஊதாவும் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கும். வெளியும் உள்ளும் ஒரே பழுப்பாக இருந்தால், முதலிலேயே பழுப்புச் சாயம் பூசிச் செய்தார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். தங்கமுலாமும் அப்படித்தான்: தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்கலத்தில் தடவி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் அதிக நாள் வாழவில்லை. மின்முலாம் 1840-களில் வந்தது, அதன் பூச்சு மெல்லியது.

இங்கிலாந்தில் இந்தப் பாணியின் முகம் ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர். சில வருஷம் இத்தாலியில் இருந்து, ஸ்பாலாட்டோவில் (இன்றைய குரோவேஷியாவின் ஸ்பிளிட்) ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் மாளிகையின் இடிபாட்டை அளந்துவிட்டு, 1758-ல் லண்டன் திரும்பினார். அவருக்குச் சுவர், கூரை, கம்பளம், கதவுக் கைப்பிடி, மேசை எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள். கெடில்ஸ்டன், ஆஸ்டர்லி, சயான், கென்வுட் மாளிகைகளில் அதைப் பார்க்கலாம். சாப்பாட்டறையில் பக்கமேசையின் இரு முனைகளிலும் ஆளுயரப் பீடத்தின்மேல் ஒவ்வொரு கலசம் நிற்கும் ஏற்பாடு அவர் காலத்தில் பரவியதுதான். பார்த்தால் வெறும் அழகுக்கு வைத்தது போலத் தெரியும். ஆனால் ஒரு பீடத்துக்குள் தகரம் அடித்து, தட்டுகளைச் சூடாக வைத்திருக்க அடுக்கும் கணப்பும் இருக்கும்; மேலே உள்ள கலசத்தில் தண்ணீர், கழுவவோ குடிக்கவோ.

லண்டன் மரச்சாமான் கலைஞர் சிப்பன்டேல் என்றாலே எல்லாருக்கும் அவருடைய 1754-ம் வருஷத்து மாதிரிப் புத்தகமும் அதில் உள்ள வளைவுக் கால்களும்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் அவருடைய தலைசிறந்த வேலை அது இல்லை, ஹேர்வுட் மாளிகைக்கு 1773-ல் செய்த டயானா-மினெர்வா இழுப்பறைப் பெட்டிதான். அன்றைய விலை 86 பவுண்டு. முழுக்க நேர்த்தியான நியோகிளாசிக்கல் பதிப்பு வேலை, அதாவது பல நிற மரத்துண்டுகளைப் பதித்துப் படம் ஆக்குவது. ஆடமும் அவரும் பல வீடுகளில் சேர்ந்து வேலை செய்தாலும், ஆடம் வரைந்ததைச் சிப்பன்டேல் செய்தார் என்று கணக்குப் புத்தக ஆதாரத்தோடு தெரிவது சர் லாரன்ஸ் டண்டாஸுக்காக 1765-ல் செய்த நாற்காலித் தொகுதி. பணக்கார மாளிகைகளில் இருந்த இந்தப் பாணியை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுபோனவை இரண்டு மாதிரிப் புத்தகங்கள்: ஹெப்பிள்வைட் என்ற லண்டன் தச்சர் இறந்த பிறகு 1788-ல் வந்த அவருடைய புத்தகமும், ஷெராட்டன் 1791 முதல் 1794 வரை வெளியிட்ட வரைபடப் புத்தகமும். கேடய வடிவ முதுகும் சதுரமாக மெலிந்த காலும் என்றால் ஹெப்பிள்வைட் வழி, சதுர முதுகும் உருண்டைக் காலும் என்றால் ஷெராட்டன் வழி என்று பொதுவாகச் சொல்வார்கள். இவர்கள் கையால் செய்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சாமான் கிடையாது, அதனால் ‘ஹெப்பிள்வைட் நாற்காலி’ என்று விற்பனையாளர் சொன்னால் ‘அந்தப் புத்தக மாதிரி’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. 1721-ல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் இருந்து வரும் மரத்துக்கு வரியை நீக்கிய பிறகு ஜமைக்காவில் இருந்து மஹோகனி வந்து குவிந்தது, பிறகு ஹோண்டுராஸ், கியூபாவில் இருந்தும் வந்தது. அதை வெட்டி, இழுத்து, ஆற்றில் விட்டவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துவந்த அடிமைகள். 1770-களில் பொன்மஞ்சளான சாட்டின்வுட் மோகம் வந்தது. முதலில் மேற்கிந்தியத் தீவு மரம், பிறகு தென்னிந்தியா, இலங்கைக் காடுகளின் மரம். அந்த இரண்டாவது மரம் வேறு எதுவும் இல்லை, ஈழத்தில் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் போடும் முதிரைதான். விசாகப்பட்டினத்தில் கம்பெனி அதிகாரிகளுக்காக ஆங்கில மாதிரியைப் பார்த்து மரச்சாமான்களைத் தந்தம் பதித்து, அதில் கோடு கீறி அரக்கு நிரப்பிச் செய்தார்கள். சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த அலெக்சாண்டர் வின்ச் கொண்டுபோன தந்த நாற்காலிகளை 1781-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் தன் ராணிக்காக வாங்கினார்.

மற்ற நாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுவீடனில் அரசர் மூன்றாம் குஸ்தாவ் 1771-ல் பாரிசைப் பார்த்துவிட்டுப் போய் அந்த ருசியை அங்கே நட்டார், பல வீடுகளில் சாம்பல், வெள்ளை வண்ணம் பூசி எளிமையாக்கினார்கள். மிலான் பக்கம் மஜ்ஜொலீனி, பதிப்பு வேலையில் கைதேர்ந்தவர். அமெரிக்காவில் ஹெப்பிள்வைட், ஷெராட்டன் புத்தகங்களை வைத்துச் செய்து, கழுகுச் சின்னம் பதித்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. வெர்சாய் அரண்மனைச் சாமான்களை 1793 ஆகஸ்ட் தொடங்கி ஒரு வருஷம் ஏலம் விட்டார்கள், 17,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். இங்கிலாந்து அருங்காட்சியகங்களிலும் மாளிகைகளிலும் இவ்வளவு பிரெஞ்சு அரண்மனைச் சாமான் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ரீஸ்னர் தான் செய்ததையே சிலவற்றைத் திரும்ப வாங்கினார், மறுபடி விற்கலாம் என்று நினைத்து. ருசி மாறிவிட்டது, வாங்க ஆள் இல்லை, வறுமையில்தான் 1806-ல் இறந்தார். 1791-ல் கைவினைச் சங்கங்களை ஒழித்தது இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை மரமும் வெண்கலமும் வேறு வேறு கூரையின் கீழ். இனி ஒரே முதலாளி நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து எல்லாவற்றையும் செய்யலாம். ஜார்ஜ் ஜாகோபின் மகன் அப்படித்தான் நெப்போலியனின் அரண்மனைகளை நிரப்பினார். பெர்சியே, ஃபோன்தேன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 1801 முதல் வெளியிட்ட வரைபடங்கள்தான் மாதிரி.

நெப்போலியன் காலத்து இந்தப் பாணிக்கு எம்பயர் (பேரரசு) பாணி என்று பெயர். இதில் பதிப்பு வேலை மறைந்து, மஹோகனியின் பெரிய வெற்றுப் பரப்பு, கூர்மையான மூலைகள், நடுவில் தனியாக ஒரு வெண்கலத் தகடு: அன்னம், தேனீ, வெற்றிமாலை, 1798 எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு ஸ்பிங்ஸும் தாமரையும். 1806-ல் நெப்போலியன் ஆங்கில வணிகத்தைத் தடுத்ததில் மஹோகனி கிடைப்பது கஷ்டமாகி உள்ளூர் வெளிர்மரங்களுக்குத் திரும்பினார்கள். கட்டடத்தை விட்டுவிட்டு மண்ஜாடிப் படங்களில் உட்கார்ந்திருக்கும் ஆட்களின் நாற்காலியையே அப்படியே செய்து பார்ப்பது பரவியதும் இந்தக் கட்டத்தில்தான். கிலிஸ்மோஸ் என்ற அந்தக் கிரேக்க நாற்காலிக்கு வாள் போல வெளியே வளைந்த கால். லண்டனில் தாமஸ் ஹோப் 1807-ல் வெளியிட்ட வரைபடங்களுக்குப் பிறகு அந்தக் கால் எங்கும் பரவியது. அதனால் வளைந்த கால் எல்லாம் ரொக்கோகோ என்று நினைத்துவிடாதீர்கள். ரொக்கோகோ கால் இரண்டு திசையில் வளையும், இது ஒரே திசையில்.

இப்போது வாங்குபவர்களுக்கு. சந்தையில் வருவதில் கணிசமான பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பழைய பாணியைப் பார்த்துப் புதிதாகச் செய்த மறுபதிப்பு. மூன்றாம் நெப்போலியனின் மனைவி பேரரசி யூஜெனிக்கு, பதினாறாம் லூயியின் ராணி மரி அந்துவானெத் மேல் பெரும் பற்று, அவரால் 1850-களில் பதினாறாம் லூயி பாணி மறுபடி கிளம்பியது; லண்டனில் ரைட் அண்ட் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனம் ஆடம் பாணியை எழுப்பியது. டாஸன், லிங்க்கே போன்ற பாரிஸ் மறுபதிப்புக் கலைஞர்களின் வேலை அபாரமானது, அதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆனால் 1780 விலை கொடுத்து 1880 சாமானை வாங்கக் கூடாது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் ஒரு காலத்தில் 1830-க்கு முந்தியதைத்தான் ஆன்டிக் என்றது, இப்போது நூறு வருஷம் போதும். நூறு வருஷம் என்று பார்த்தால் மறுபதிப்பும் ஆன்டிக்தான். பட்டியலில் ‘பதினாறாம் லூயி காலத்தது’ என்று இருக்கிறதா, வெறும் ‘பதினாறாம் லூயி பாணி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள், இழுப்பறையை முழுசாக உருவிப் பாருங்கள். கைரம்பத் தடம் நேர்கோடாக இருக்கும், வட்டரம்பத் தடம் வில்லாக வளையும், அப்படி இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு. கூர்முனை உள்ள திருகாணி 1840-களுக்குப் பிந்தியது. பழையதன் முனை மழுங்கலாக இருக்கும், தலையில் உள்ள வெட்டு நடுவில் சரியாக விழுந்திருக்காது. கையால் அறுத்த வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், இயந்திரத்தில் சீவியது தாள் கனம். வட்டமேசையை இழை நெடுக ஒரு தடவையும் இழைக்குக் குறுக்கே ஒரு தடவையும் அளந்து பாருங்கள், மரம் குறுக்கேதான் சுருங்கும், இருநூறு வருஷம் ஆன வட்டம் சரியான வட்டமாக இருக்காது. இழுப்பறையின் அடிவிளிம்பு உராய்ந்து தேய்ந்திருக்க வேண்டும், தேய்மானம் கை படும் இடத்தில் இருக்க வேண்டும், எங்கும் சமமாக இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

இந்தியாவில் வாங்குவதாக இருந்தால் இரண்டு சட்டங்கள். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தந்தம் பதித்த சாமானை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், எவ்வளவு பழையதாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். அப்புறம், வெனீர் கிளம்பியிருந்தால் அவசரப்பட்டு ஃபெவிகாலை ஊற்றிவிடாதீர்கள். பழைய வஜ்ஜிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், தெரிந்தவர் கையில் கொடுத்தால் அதையே இளக்கி அதே இடத்தில் உட்கார வைப்பார். வெள்ளைப் பசை இறுகிவிட்டால் அடுத்த முறை கழற்றும்போது பதிப்பு வேலையும் சேர்ந்து பெயர்ந்து வரும்.